ஏன்னு என்கிட்ட கேளு

பல்லைப் பிடுங்கினேன். பச்சைதான் எரிந்தது.

உனக்கென்றால் இந்த இரண்டு வசனம் போதும். கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பியிருப்பாய். மற்றவர்களுக்கு விளங்கப்படுத்தி விளங்கப்படுத்தி ஒரு கிழமையாக எனக்குத் தொண்டை வற்றிப்போய்விட்டது. நீ போய் இரண்டு வருடமாகப் போகிறது. ஆனாலும் இந்தக் கதையை முதலில் கேட்க வேண்டியவள் நீதான். அதனால் உனக்கே எழுதுகிறேன்.

பிடுங்கிய பல் இப்போதும் என் மேசையில் கிடக்கிறது. வெள்ளவத்தையில் அதே மேல்மாடி, அதே மேசை. கடற்கரைத் தண்டவாளத்தில் கோச்சி போனால் இன்றும் தேத்தண்ணிக் கோப்பை தட்டில் நடுங்குகிறது. உன் கதிரையில் ஒருவரையும் இருத்த எனக்கு மனம் வரவில்லை. அதில் பழைய கைபேசிப் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறேன்.

நாம் இரண்டு பேரும் இந்த அறையில் செய்த சாமான்கள் பன்னிரண்டு. பழைய கைபேசிகளை வாங்கி, அவற்றுக்குள் லினக்ஸ் ஏற்றி, முதுகில் காற்றை அளக்கும் சென்சர் பூட்டி, கப்பல் வயிற்றுக்குள் இறங்கித் துப்புரவு செய்கிறவர்களின் கழுத்தில் தொங்கவிட்டோம். மூடிக் கிடக்கும் கப்பல் வயிற்றில் மரமும் பழைய இரும்பும் காற்றில் இருக்கும் உயிரை, அந்த ஒட்சிசனை, தின்றுவிடும். மணமும் இராது, புகையும் இராது. இறங்கினவன் இரண்டு மூச்சில் சுருண்டு விழுவான். நம் சாமானில் பச்சை எரிந்தால் இறங்கலாம். சிவப்பு எரிந்தால் இறங்கக்கூடாது. திரையில் எத்தனை வீதம் என்று இலக்கமும் காட்டுவோம் என்று நான் அடம்பிடித்தபோது நீ சொன்னாய்: "க்ளவுஸ் போட்டவனுக்கு கணக்குச் சொல்லிக் குடுக்காத. போ, போகாத. ரெண்டே ரெண்டு."

ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் என்று ஒரு நாள்தான் சொன்னாய். மீன் வைத்த மாலு பாணைப் பிய்த்தபடி, ஏதோ பக்கத்து வீட்டுக் கதை மாதிரி. உன் அப்பா துறைமுகத்தில் வேலை செய்த காலம். அவருடைய கூட்டாளி ஒருவர் கீழே விழுந்ததும் தூக்கப் போன இன்னொருவரும் ஏறி வரவில்லை. மூன்றாவதாக இறங்கப் போன உன் அப்பாவை யாரோ சட்டையில் பிடித்து இழுத்து வைத்தார்களாம். "ஒருத்தன் விழுந்தா தூக்கப் போறவனும் விழுவான்" என்றாய். பிறகு பாணைக் கடதாசியில் சுற்றி வைத்துவிட்டு வேலையைப் பார்த்தாய். பின்னேரம் வரைக்கும் நீ அதைத் தொடவில்லை.

நீ கொட்டாஞ்சேனை, நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் ஒட்டிக்கொண்டவள். என் "ஓம் ஓம்" என்ற கதையைக் கேட்டு, "ஐயர் வந்திட்டாரா?" என்று நக்கலடிப்பாய். நான் பெரிய பட்டத்தோடு வந்தேன். நீ பின்னேர வகுப்பில் படித்துக்கொண்டே வேலை பழகினவள். அந்த வித்தியாசம் உனக்கு ஒரு நாளும் நினைவில் இருந்ததில்லை. எனக்கு ஒரு நாளும் மறந்ததில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதுதான் எல்லாவற்றுக்கும் வேர்.

நம் வேலையின் ஆக்கினையே, எழுதுகிற இடம் ஒன்று, ஓடுகிற இடம் இன்னொன்று. எழுதுவது லப்டொப்பில். ஓடப்போவதோ கைபேசிக்குள் இருக்கும் வேறு சாதிச் சில்லில். லப்டொப்பில் இருக்கும் கொம்பைலர் நாம் எழுதினதை அந்தச் சில்லின் பாஷைக்கு மாற்றித் தரும். ஒரே வரி இரண்டு இடத்திலும் ஒரே மாதிரித்தான் ஓடும் என்று நினைக்கிறவன் மடையன். "இங்க சமச்சு அங்க சாப்பிடக் குடுக்கிறோம்டி. உப்புப் பாக்கிறதும் அங்கதான்" என்பாய். நான் தலையாட்டிவிட்டு லப்டொப்பிலேயே உப்புப் பார்ப்பேன்.

நீ உப்புப் பார்த்த விதம் எனக்கு அப்போது விசராகத் தெரிந்தது. ஒவ்வொரு முறை புதிதாகக் கொம்பைல் பண்ணி ஏற்றியதும், ஒரு சாமானை எடுத்து முதுகைக் கழற்றி, சென்சரின் குட்டிப் பிளக்கைக் குறட்டால் பிடித்து இழுத்து எடுப்பாய். "பல்லுப் பிடுங்குறேன்" என்பாய். சென்சர் இல்லை, காற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது, அப்படியென்றால் சிவப்பு எரிய வேண்டும். எரியும் வரைக்கும் கண்ணெடுக்க மாட்டாய். எரிந்ததும் கட்டைவிரலால் நெற்றியில் சின்னதாய்ச் சிலுவை போடுவாய். பல்லுப் பிடுங்குவதும் சிலுவை போடுவதும் ஒரே பூசை என்றுதான் நான் நினைத்தேன். "என்னடி, முடிஞ்சுதே உன்ர ஆராதனை?" என்று கேட்பேன். "பச்சைய நம்பாத. மொதல்ல அது செவப்பா எரியத் தெரிஞ்ச சாமானான்னு பாரு" என்பாய்.

அப்புறம் அந்த வரி.

கொம்பைலருக்குக் கட்டளை கொடுக்கும் உன் கோப்பு ஒரு குப்பைமேடு. செத்த பாதைகள், ஒருவரும் பாவிக்காத சொற்கள், ஒன்றின் மேல் ஒன்று. அதன் நடுவே ஒரு சின்னச் சொல்லுக்கு மேலே தமிழில் குறிப்பெழுதி வைத்திருந்தாய்: "இத எடுக்காத. ஏன்னு என்கிட்ட கேளு."

வந்த முதல் மாதமே கண்டேன். கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடுமே! ஒரு நாள் என் கண் அந்த வரியில் நிற்பதை நீ பார்த்துவிட்டாய். கோப்பையை வாயருகில் பிடித்தபடி காத்திருந்தாய். நான் திரையை உருட்டிக்கொண்டு கீழே போய்விட்டேன். நீ சிரித்தாய். காரணத்தையும் எழுதி வைத்தால் கை நோகுமா என்று வேறொரு சண்டையில் கத்தினேன். "எழுதி வச்சா வாசிக்க மாட்டாங்க. கேட்டா மறக்க மாட்டாங்க" என்றாய். உன் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, தெரியுமா? செத்துப்போகிறவள் இப்படியா எழுதி வைப்பாள்?

நீயும் சாக நினைத்தா வைத்தாய்? வெள்ளிக்கிழமை தலையிடி என்று வெள்ளனப் போனாய். அடுத்த வெள்ளிக்கிழமை உன்னைக் கொட்டாஞ்சேனை வீட்டின் நடுக்கூடத்தில் வெள்ளைச் சட்டையோடு கிடத்தியிருந்தார்கள். டெங்கு. ஒழுங்கை முழுக்க மெழுகுதிரி மணம். உன் அம்மா என் கையைப் பிடித்து, "நீங்கதானே மகள் அவளோட கூடவே இருந்தீங்க" என்றா.

நாம் செய்த முதலாவது சாமானை உன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். சிம் கழற்றி, சார்ஜரில் போட்டபடியே. இரவும் பகலும் பச்சை எரியும். அது உன் அணையா விளக்கு என்று உன் அம்மா வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினா. மற்றப் பதினொன்றும் துறைமுகத்தில், உன் தம்பியிடமும் அவனோடு கப்பல் துப்புரவு செய்கிற மற்றக் குழுக்களிடமும்.

சில மாதம் கழித்துப் புது லப்டொப் வந்தது, புதுக் கொம்பைலர் வந்தது. உன் குப்பைமேட்டைத் துப்புரவாக்க உட்கார்ந்தேன். செத்த பாதைகளை வெட்டினேன். பாவிக்காத சொற்களை வெட்டினேன். கையில் கத்தி ஏறினால் ஒரு சந்தோசம் வரும், அந்தச் சந்தோசம். அப்படியே வந்து உன் வரியில் முட்டினேன். "ஏன்னு என்கிட்ட கேளு."

யாரிடமடி கேட்பது? எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாய் வந்தது. ஒருவரும் இல்லாத அறையில் சத்தமாகவே கேட்டேன்: "சொல்லடி இப்ப! ஏன்?" கோச்சி ஒன்று போனது. கோப்பை நடுங்கியது. நான் அந்தச் சொல்லையும் உன் குறிப்பையும் சேர்த்து அழித்தேன்.

கொம்பைலர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. ஒரு எச்சரிக்கைகூட இல்லை. லப்டொப்பில் வைத்த சோதனை அத்தனையும் பாஸ். திருத்த வந்திருந்த ஒரு சாமானில் ஏற்றி, பொலித்தீன் பையில் மூச்சை ஊதி அதற்குள் போட்டேன். சிவப்பு. வெளியே எடுத்தேன். பச்சை. போதும் என்று பட்டது. பல்லுப் பிடுங்கவில்லை. பிளக் தேய்ந்து போகுமாம், அதுதான் நான் எனக்குச் சொன்ன சாட்டு. நெட்வேர்க் வழியாகப் பதினொன்றுக்கும் புதியதை அனுப்பினேன். உன் படத்தடியில் இருந்ததற்குச் சிம் இல்லை. அது மட்டும் நீ கொம்பைல் பண்ணியதையே ஓட்டிக்கொண்டிருந்தது.

ஒரு வருடத்துக்கு மேல் ஒரு குறையும் இல்லை. உன் குப்பைமேட்டை நான் துப்புரவாக்கிய கதையை வேலைக்கு வருகிறவர்களுக்குப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போன மாதம் உன் அம்மா ஃபோன் பண்ணினா. "மகள், அவட வெளக்கு செவப்பா எரியுது. மூணு நாளா. எனக்கு மனசு சரியில்ல."

"பற்றரி பழசாயிருக்கும் அம்மா. ஞாயிற்றுக்கிழமை வாறன்" என்றேன்.

போனேன். லப்டொப்பைக் கூடத்து மேசையில் விரித்து சாமானைப் பூட்டிப் பார்த்தால், உள்ளே உன் பழைய புரோகிராம். இதுதான் கோளாறு என்று எனக்குள் சிரித்தேன், கடவுளே. என்னுடையதை ஏற்றினேன். பச்சை வந்தது. உன் அம்மா விரலை முத்தமிட்டு உன் படத்தைத் தொட்டா. "இப்பதான் அவ சிரிச்ச மாதிரி இருக்கு" என்றா. எனக்குக் கேக் வெட்டித் தந்தா. இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

இந்தச் சென்சர்களுக்கு ஆயுள் இரண்டு மூன்று வருடம்தான் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பன்னிரண்டையும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்டினோம் என்பதும் தெரியும். செத்த சென்சரைச் செத்தது என்று சொன்ன ஒரே சாமானின் வாயையும் அன்றைக்கு நான் கேக்கோடு சேர்த்து அடைத்தேன்.

போன கிழமை. காலை ஒன்பது மணி இருக்கும். உன் தம்பி ஃபோனில். அவனுடைய சாமான் கண்ணாடி உடைந்து, திருத்தச் சொல்லி இரண்டு நாளுக்கு முன்தான் என்னிடம் தந்திருந்தான்.

"அக்கா, என்ட சாமான் ரெடியா?"

"இல்லையடா, கண்ணாடி இன்னும் வரேல்ல. அதுவரைக்கும் இறங்காமல் இரு."

"பிரச்சின இல்ல. அம்மாட்ட இருந்தத நேத்தே எடுத்துட்டு வந்துட்டேன். எங்க அக்காட சாமான்தானே, ஜம்முன்னு பச்ச காட்டுது." கொஞ்சம் நிறுத்தினான். "நேத்து மட்டும் கீழ மூணு பேருக்கும் தல சுத்திச்சு. வெயிலுக்கா இருக்கும். இன்னைக்கு பத்து மணிக்கு எறங்கணும், வைக்கிறேன்."

வைத்துவிட்டான். தலை சுற்றியது, பச்சை எரிந்தது. இந்த இரண்டும் ஒன்றாக இருக்க ஏலாது. அவனுடைய கண்ணாடி உடைந்த சாமான் என் முன்னால் கிடந்தது. உன் குறடு மேசை லாச்சிக்குள் இருந்தது. முதுகைக் கழற்றினேன். பல்லைப் பிடுங்கினேன். நெற்றிக்குக் கை தானாகப் போனது, சைவக்காரி எனக்கு என்ன சிலுவை? காத்திருந்தேன். சென்சர் என் உள்ளங்கையில். காற்றைப் பற்றி அந்தச் சாமானுக்கு ஒன்றுமே தெரியாது. பச்சை. இறங்கலாம் என்கிறது.

பழைய சேமிப்பிலிருந்து உன் கோப்பைத் தேடித் திறந்தேன். நீ காவல் வைத்த அந்தச் சின்னச் சொல்லை அப்போதுதான் முதல் தடவையாக வாசித்தேன் என்று சொல்லலாம். விளங்க ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். காற்றின் ஒட்சிசன் வீதத்தை ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்திருந்தாய். நல்ல காற்றென்றால் இருபத்தொன்று. சென்சர் செத்தால் மைனஸ் ஒன்று. பத்தொன்பதுக்குக் கீழே எது வந்தாலும் சிவப்பு, ஆகவே மைனஸ் ஒன்றுக்கும் சிவப்பு. லப்டொப்பில் அந்தச் சின்னப் பெட்டிக்கு மைனஸ் தெரியும். கைபேசிச் சில்லுக்கு, நாம் சொல்லிக் கொடுக்காவிட்டால், மைனஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. மைனஸ் ஒன்றைப் போட்டால் இருநூற்று ஐம்பத்தைந்து என்று வாசிக்கும். பத்தொன்பதை விடப் பெரிது, நல்ல காற்று, இறங்கு! நீ எடுக்காதே என்ற சொல் அந்தச் சில்லுக்கு மைனஸைச் சொல்லிக் கொடுக்கும் சொல்.

உன் தம்பிக்கு அடித்தேன். ரிங் போகிறது, எடுக்கவில்லை. திரும்ப, திரும்ப. அவன் கழுத்தில் இருப்பதற்குச் சிம்மும் இல்லை, இங்கிருந்து திருத்தவும் ஏலாது. செருப்பை மாட்டினேனோ இல்லையோ, காலி வீதியில் நின்ற முதல் த்ரீவீலில் ஏறினேன். "அய்யே, இக்மன் கரன்ன" என்று கெதியாகப் போகச் சொல்லிச் சிங்களத்தில் கெஞ்சினேன். "வெஸ்ஸ எனவா மிஸ்" என்றான் அவன், மழை வருகிறதாம். பம்பலப்பிட்டியில் வாகனம் அசையவில்லை. கொள்ளுப்பிட்டியில் பத்து மணிக்குப் பத்து நிமிடம். நான் ஃபோனைக் காதில் அமத்திக்கொண்டு உன்னைத் திட்டினேன். பிறகு உன்னிடம் மன்றாடினேன். ஒருத்தன் விழுந்தால் தூக்கப் போறவனும் விழுவான். உன் அம்மாவுக்கு இருப்பது அவன் ஒருத்தன்தான்.

துறைமுக வாசலை அடைந்தபோது மழை சோவென்று கொட்டியது. பாஸ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். காவலாளியிடம் சிங்களத்தில் ஏதேதோ குழறினேன், அவர் ரேடியோவை எடுத்தார். அந்த நேரம் என் ஃபோன் அடித்தது.

"என்னாக்கா, இத்தன மிஸ்ட் கோல்? தேத்தண்ணி குடிச்சிட்டு இருந்தோம், சத்தத்துக்கு கேக்கல."

மழை பெய்தால் கப்பலின் மூடியைத் திறக்க மாட்டார்களாம். பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க மழை தொடங்கியதாம். அவ்வளவுதான். நான் ஒன்றும் செய்யவில்லை, நீயும் ஒன்றும் செய்யவில்லை. மழை பெய்தது.

ஒரு பொலித்தீனைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தான். கழுத்தில் பச்சை எரிந்தது. நான் அதைப் பிடுங்கி எடுத்த வேகத்தில் அவன் கழுத்து சிராய்ந்துவிட்டது. நின்ற நிலையில் எல்லாவற்றையும் சொன்னேன். உன் குறிப்பையும் சொன்னேன். அவன் கத்துவான் என்று பார்த்தேன். கத்தவில்லை.

"நேத்தெல்லாம் அது சும்மாதான் எரிஞ்சிருக்கு?"

"ஓமடா."

"எங்க அக்காட சாமான்னுதான் நம்பி எறங்கினோம்." முகத்தில் வழிந்த மழையைத் துடைத்தான். "எடுக்காதன்னு எழுதித்தானே வச்சிருந்தா. ஏன் எடுத்தீங்க?"

"ஏனெண்டு அவளைக் கேக்க எனக்கு மானம் விடேல்ல. பேந்து கேக்க அவள் இல்லை."

அவன் பொலித்தீனைத் தலையில் இழுத்துவிட்டான். பிறகு சொன்னான்: "அக்கா உங்களப் பத்தி வீட்டில சொல்லுவா. 'அவ ஒரு நாளைக்கு கேப்பா, பாரு'ன்னு."

அந்த வசனத்தை என் தலைக்குள்ளிருந்து எடுக்க எந்தக் குறடும் இல்லையடி.

உன் சொல் திரும்ப அதன் இடத்தில் இருக்கிறது. உன் குறிப்பைத் தொடவில்லை. அதற்குக் கீழே காரணத்தை நீட்டி எழுதி, இன்னும் விளங்காவிட்டால் என்னிடம் கேள் என்று முடித்திருக்கிறேன். உன் படத்தடியில் இருப்பதற்கு உன்னுடையதையே ஏற்றினேன். சிவப்பு எரிகிறது. "சரியாக்க ஏலாதா மகள்?" என்று உன் அம்மா கேட்டா. "இதுதான் அம்மா சரி" என்றேன். நடந்ததை முழுக்கச் சொன்னேன். கையை இழுத்துக்கொள்ளுவா என்று நினைத்தேன், இழுக்கவில்லை. என் கையை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டா: "மத்தப் புள்ளைகளோட சாமான்?"

அதைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன். உன் தம்பியுடையது என் மேசையில். வெளியே மிச்சம் பத்து. திருத்தியதை அன்றைக்கே அனுப்பினேன். ஒன்பது வாங்கிக்கொண்டன. ஏழில் உடனே சிவப்பு எரியத் தொடங்கிவிட்டது. அந்த ஏழும் எத்தனை நாளாகச் செத்துக் கிடந்தன என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

பத்தாவது பதில் சொல்லவில்லை. அது நெட்வேர்க்கில் கடைசியாகத் தெரிந்தது மழை பெய்ததற்கு நாலு நாள் முன்பு. அதை வைத்திருந்த ஆள் வேலையை விட்டுவிட்டாராம், நம்பர் பாவனையில் இல்லை. சாமானை வேறொரு குழுவுக்குக் கொடுத்தார் என்கிறார்கள். அந்தக் குழு வேறு துறைமுகத்துக்குப் போனது என்கிறார்கள். கப்பலோடு போனது என்றும் ஒருவர் சொன்னார். ஒரு கேள்வி கேட்க மானம் பார்த்தவள், இப்போது கண்டவர் நின்றவர் எல்லாரிடமும் கேட்டுத் திரிகிறேன்.

காலையில் எழும்பினதும், முகம் கழுவ முதல், சாமான்களின் நெட்வேர்க் பட்டியலைத் திறந்து பார்க்கிறேன். பத்தாவதுக்கு நேரே அதே திகதி. அது எங்கே இருக்கிறது, யாருடைய கழுத்தில் தொங்குகிறது, ஒன்றும் எனக்குத் தெரியாது. அதில் எரிகிற நிறம் மட்டும் தெரியும்.